ஜாடியில் மின்னிய மணல்

துப்பறியும் கலியமூர்த்தி காலைக் காப்பியில் வாய் வைப்பதற்குள், குருசுக்குப்பத்து மீன்காரி பச்சையம்மாள் வந்து நின்றுவிட்டாள்.

"எம் புருஷன் பேரு அம்மாவாசைங்க. பூகம்பக் கண்காட்சியில கூட்டிப் பெருக்கறவரு. ஜாடி மண்ணக் கொட்டிட்டு கடல் மண்ண அள்ளி வெச்சிட்டாராம். ஏமாத்துக்காரன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. தெருவே சிரிக்குது."

அது 1935 ஜனவரி. போன வருஷம் பீகாரைப் புரட்டிப் போட்ட பூகம்பத்தைப் பற்றி பள்ளிக்கூட ஆசிரியர் மிக்கேல் அந்தக் கண்காட்சியை வைத்திருந்தார். பிளந்த பூமி மணலைக் கக்கியதும், அந்த மணல் வயல்களை மூடிக் கிணறுகளைத் தூர்த்ததும் சுவரெங்கும் படங்களாகத் தொங்கின. நடுவில் ஒரு கண்ணாடி ஜாடியில் அதே மணல். பார்க்க வந்த டாக்டர் ஒருவர் அதில் கிளிஞ்சல் கிடப்பதைக் கண்டு சிரித்துவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

கலியமூர்த்தி கண்காட்சிக்குள் நுழைந்ததும் மிக்கேல் முந்திக்கொண்டார். "பீகாருக்குத் தொண்டு செய்யப் போன சிநேகிதர் கொண்டுவந்த மணல். போன வாரம்வரைக்கும் என் வீட்லதான் பத்திரமா இருந்துச்சு. இங்க கடலோரத்து ஆள் இவன் ஒருத்தன்தான்" என்று, பச்சையம்மாளோடு வாசலோரம் நின்ற அம்மாவாசையைக் கைகாட்டினார்.

கலியமூர்த்தியின் உதவியாளன் அல்போன்ஸ் அதற்குள் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"கொட்டிட்டு அள்ளியிருந்தா முழுக்கக் கடல் மணலா இருக்கணும். இது கலப்பு. பாதி சாம்பல் நிறப் பொடி மணல்" என்றார் கலியமூர்த்தி. "இந்த மினுக்கு என்ன, முசே?" என்று பிரெஞ்சு ஊர் மரியாதையோடு கேட்டார்.

"அப்பிரகம், காக்காப்பொன்னு சொல்வாங்களே. இமயமலையிலேருந்து ஆத்தோட வர்றது."

கலியமூர்த்தி ஒரு துணுக்கை ஈர விரலில் ஒற்றி எடுத்தார். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சிவப்பு.

"அப்பிரகத்துக்குச் சாயம் பூசினது யாரு? அல்போன்ஸ், உங்க வீட்ல கிறிஸ்மஸ் குடிலை எப்பக் கலைச்சீங்க?"

"மூணு ராஜா திருநாள் முடிஞ்சதும், போன வாரம்தான். ஜிகினாவைப் பிச்சிட்டு, மணலைக் கூட்டி அள்ளி..." அல்போன்ஸ் சட்டென்று நிறுத்திக்கொண்டு மிக்கேலைப் பார்த்தான்.

மிக்கேலின் முகம் செத்துப்போயிற்று. "அந்தப் பீகார் மணல் பாலைவனம் மாதிரியே இருந்துச்சு, எங்க வீட்டுக் குடில்ல பரப்பினேன். பத்தலேன்னு கடற்கரை மணலைக் கலந்தேன். குடிலைப் பார்த்தவங்க எல்லாம் மெச்சினாங்க. திருப்பி அள்ளி வெச்சிட்டேன். ஊரைப் புதைச்ச மண்ணு... எனக்கு அது சோடனையாப் போச்சு. டாக்டர் சிரிச்சதும் வாயில இவன் பேர்தான் வந்துது."

அம்மாவாசையிடம் கலியமூர்த்தி கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா?"

"முசே வீட்லேருந்து ஜாடியத் தூக்கியாரப் போனது நாந்தானுங்க. குடில் மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாரு. அவுரே சொல்லிடுவாருன்னு இருந்தேன்."

மிக்கேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிடு" என்றவர், உடனே திருத்திக்கொண்டு, "மன்னிச்சிடுங்க. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

பச்சையம்மாள் நகரவில்லை. "ஏமாத்துக்காரன்னு சொன்னது தெருவுக்கே கேட்டுச்சு முசே. மன்னிப்பு மட்டும் இந்த ரூமுக்குள்ள கேக்குது."

மிக்கேல் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"உங்க தெரு எது? அங்கேயே வந்து சொல்றேன்."

"வாங்க, காட்றேன்."

அல்போன்ஸும் ஆவலாகக் கிளம்பினான். கலியமூர்த்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இரு. நாம பார்க்க வேண்டியது அதுல ஒண்ணும் இல்ல."