ஒண்ட வந்தவர்கள்

கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிப்போனதைத்தான் மைதிலி முதலில் கவனித்தாள். பகல் முழுக்க ஓயாத கொக்கரிப்பு, கம்பிக் கூண்டில் நகம் உரசுவது, தண்ணீர்க் குழாயை அலகு கொத்துவது எல்லாம் சேர்ந்து சமையலறை வரை வந்து காதுக்குள் ஓர் இரைச்சலாய்த் தங்கியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அவளைத் தூங்கவிடாத அந்தச் சத்தம் நாளாக ஆக அவளுடைய மூச்சைப் போல ஆகிவிட்டிருந்தது. சாயங்காலம் காப்பிக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது அது நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். ஓர் இலை அசையவில்லை. கொல்லிமலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில், கரியைப் பூசினாற்போல நின்றது. கோழி எச்சத்தின் நெடியையும் மீறி எங்கிருந்தோ நனைந்த மண்ணின் வாசம் வந்தது. மழை இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ஆராயி, முட்டை அட்டைகளை அப்படியே போட்டுவிட்டு முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"அம்மிணி, நான் ஊட்டுக்குப் போறேனுங்க. நீங்களும் எங்கூட மேட்டுத்தெருவுக்கு வந்துருங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். இந்த ஓடைமேட்டில் ஒரு காலத்தில் பத்துக் குடும்பம் இருந்தது. மைதிலி கல்யாணமாகி வந்த மறுவருடம் மலையிலிருந்து இறங்கிய ஓடை தடம் மாறி, நாச்சிமுத்துவையும் அவர் பெண்சாதி முத்தாயம்மாளையும் வீட்டோடு அடித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு கோடைமழையில் மரவள்ளிக் காட்டில் நின்ற மாரியின் மேல் இடி விழுந்தது. புயல் வந்த வருடம் தகரக் கூரைகள் பறந்தன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குக் குடிபோனார்கள். இப்போது ஓடைமேட்டில் விளக்கு எரிவது மைதிலியின் வீட்டில் மட்டும்தான்.

இன்னொன்றும் தெரியும். வெள்ளம் வருவதற்கு முன்தினம் தண்ணீர்க் குழாயடியில் முத்தாயம்மாளே அவளிடம் சொன்னாள்: "யாரோ மழயில நனஞ்சு வந்தாங்க கண்ணு. பாவமேன்னு உள்ள ஒண்ட உட்டேன்." அன்றைக்கு ஊரில் மழையே பெய்திருக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் ஓடுனா அப்புறம் நிக்கறதுக்கு எடமே இருக்காது ஆராயி. நீ போ. நான் வரல."

ஆராயி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

முட்டை லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் போயிருந்த மைதிலியின் கணவன் சபரிநாதன் போனில் கூப்பிட்டான். "இங்க பேய்மழ மைதிலி. ஓடப்பாலத்து மேல தண்ணி ஏறிட்டா காலைலதான் வருவேன். நீ ஆராயிகூடப் போயிரு."

"கோழிய யாருங்க பாக்கறது?"

"கோழி போனாப் போகுது."

"கோழி போனா நாளைக்கு ஊடு போகும். அப்புறம் காடு போகும். நீங்க பத்திரமா வாங்க. நான் பாத்துக்கறேன்."

பண்ணையின் பக்கவாட்டில் சாக்குப் படுதாக்களை இறக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வெளிச்சம் மங்கி மஞ்சளானது. வீட்டுக்குத் திரும்பியவள் வாசலில் நின்றுவிட்டாள். காய்ந்த சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். தெருப்பக்கமிருந்து கதவு வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவற்றை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய்த் தாழிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. மரியாதையாக.

"மழ வருதுங்க. செத்த நேரம் ஒண்டிக்கறோமுங்க."

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். மூன்று பேர். முதலில் நாச்சிமுத்து, வாயோரம் வண்டல் ஒழுக. அவருக்குப் பின்னால் மாரி. கழுத்து வரை கருகிய தோல், மண்வெட்டிக் காம்பைப் பிடித்த மாதிரி மடங்கிய கை. கதவை ஒட்டி முத்தாயம்மாள். அவள் கூந்தலில் சேறு. சேற்றில் ஒரு மீன் துடித்தது.

"மைதிலி கண்ணு, கதவத் தொற. குளுருது."

மைதிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"முத்தாயக்கா, நீங்க இருந்தப்ப எப்ப வந்தாலும் சோறு போட்டிருக்கேன். இப்ப உள்ள உட மாட்டேன். போங்க."

மறுபடி தட்டல்.

மழையோடு காற்று வந்தது. மலையிலிருந்து இறங்கி வீட்டின் மேல் விழுந்தது. ஓடுகள் எகிறின. விளக்கு அணைந்தது. கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். கதவு உள்நோக்கி வளைந்தது. ஈரப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் பல கைகள். தட்டல். தட்டல். "குளுருது கண்ணு." அவள் காதைப் பொத்தவில்லை. "போங்க," என்றாள். தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விடிந்தது.

சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். பண்ணைக் கூரை இருந்தது. படுதாக்கள் இருந்தன. ஓர் உயிரும் போகவில்லை. மைதிலி சிரித்தாள், சத்தமாக. தீவன வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அவர்கள் போகவில்லை.

வெயிலில் நின்றார்கள், வாசலிலிருந்து பண்ணை வரை வரிசையாக. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரையும் கொண்டுபோகாமல் அவர்களால் போக முடியவில்லை போலும். மைதிலி வாளியை இறுகப் பிடித்தபடி அவர்களுக்கிடையில் நடந்தாள். "நகருங்க. எனக்கு வேல கெடக்குது."

அப்போதுதான் பார்த்தாள். முத்தாயம்மாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் ஒரு கை அந்தப் பக்கம் நீண்டு, யாருடைய கையையோ பிடிக்கக் காத்திருக்கிற மாதிரி விரல் மடங்கியிருந்தது.

"மைதிலி!"

சபரிநாதன். வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே போட்டுவிட்டு நடந்து வந்திருந்தான். பேன்ட் முழங்கால் வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

"ஏன், என்னாச்சு? கூர நிக்குது, நீ நிக்கற, அப்புறமென்ன?"

இன்னும் இரண்டு எட்டு. சரியாக அந்தக் காலி இடத்தில் வந்து நின்றான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. காய்ந்திருந்த சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"என்னமோ குளுருது மைதிலி."

வாளி விழுந்தது. ஓடினாள். அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். சூடாக இருந்தது. நாடி துடித்தது. உயிர். முழு உயிர்.

அவனுடைய மறு கை தானாக உயர்ந்து நின்றது. அதன்மேல் முத்தாயம்மாளின் விரல்கள் மூடிக்கொண்டன.

"இவர நான் தரமாட்டேன்."

முத்தாயம்மாளின் இன்னொரு கையை நாச்சிமுத்து பிடித்தார். அவர் கையை மாரி பிடித்தான். மாரியின் கையை இன்னொருவர். அவரை இன்னொருவர். மைதிலிக்குப் பெயர் தெரியாதவர்கள், அவள் பிறப்பதற்கு முன்பே போனவர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி தெருவைத் தாண்டி, மரவள்ளிக் காட்டைத் தாண்டி, ஓடைக்குள் இறங்கி நின்றார்கள். அந்த வரிசை மெல்ல மெல்ல ஓடைப்பக்கம் நகரத் தொடங்கியது.

மைதிலி குதிகாலைச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அவனை இழுத்தாள்.