சீதாலக்ஷ்மி நட்ட கொம்பு

"கையை எடுடீ அதுலேர்ந்து."

மாமியார் பாக்கியலக்ஷ்மியின் குரல் கேட்டுக் காமாக்ஷி திரும்பினாள். விடிந்தும் விடியாத நேரம். கொல்லையில் அந்தச் செம்பருத்திக் கொம்பைச் சுற்றி அவள் மண்ணை அழுத்திக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்துவிட்டாள்.

"துளிர் கண்டதும் பொறுக்கலையோ? பிடுங்கிப் போட வந்தியோ? உனக்குத்தான் ஒண்ணும் இல்லேன்னா, உன் மன்னிக்கும் இருக்கப்பிடாதோ?"

காமாக்ஷி விரலில் ஒட்டிய மண்ணோடு எழுந்து நின்றாள். 

மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பமான மருமகள் தன் கையால் ஒரு செம்பருத்திக் கொம்பை வெட்டி நட வேண்டும். அது துளிர்த்தால்தான் சீமந்தத்துக்கு நாள் பார்ப்பார்கள். மூத்த மருமகள் சீதாலக்ஷ்மி, காமாக்ஷியின் மன்னி, முன்பு இரண்டு முறை நட்டாள். இரண்டும் காய்ந்தன, வயிற்றில் வந்ததும் தங்கவில்லை. இது மூன்றாவது. பிள்ளை பெறாத இளையவள் காமாக்ஷி அந்தக் கொம்பின் பக்கமே போகக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. கைராசி கெட்டவளாம். இத்தனைக்கும் அந்தக் கொல்லையில் பூத்துக் குலுங்கிய அத்தனை செடியும் காமாக்ஷி குச்சி வெட்டி வைத்தவை. சாமிக்குப் பூப் பறிக்கும்போது மட்டும் கைராசி யாருக்கும் நினைவு வருவதில்லை!

காயலில் ஏற்றம் வந்து கடல்நீர் புகும்போதெல்லாம் கொல்லை மண்ணில் உப்பு ஊறும். அது தெரிந்துதான், மன்னி நட்ட அன்றே காமாக்ஷி அதே செடியில் இன்னொரு கொம்பைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, துவைகல்லுக்குப் பின்னால் ஓர் ஓட்டைச் சட்டியில் ஆற்றுமணல் நிரப்பி ஊன்றி வைத்தாள். சட்டியில் இருந்தது வேர் பிடித்துத் துளிர்த்தது. மன்னியின் கொம்போ பட்டை கறுத்துச் சொதசொதவென்று ஆகிவிட்டது. இன்று காலையில் செத்ததை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, உயிருள்ளதை அதே இடத்தில் வைத்தாள். அப்போதுதான் மாமியார் வந்தது.

இதைச் சொன்னால் பழி தீர்ந்துவிடும். ஆனால் சத்தம் கேட்டு மன்னியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் வந்து நின்றிருந்தாள். உன் கொம்பு செத்துப்போயிற்று என்று அவள் காதுபடச் சொல்வதா? அந்த பயமே அவளைத் தின்றுவிடாதா?

"ஏன் மிண்டாம நிக்கறே? வாயைத் திறந்து சொல்லேன்."

"ஒண்ணும் இல்லைம்மா... மண்ணு இளகி இருந்தது."

"என்கிட்டேயே பொய்யா?" பாக்கியலக்ஷ்மி மகனைக் கூப்பிட்டாள். "வெங்கிடா, இவளைப் பாலக்காட்டுலே அவ அப்பா ஆத்துலே கொண்டு விட்டுடு. பிரசவம் கழியற வரைக்கும் இந்த முகம் இங்கே வேண்டாம். அப்பறம் வரணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

வெங்கிடாசலம் மிளகு மண்டியில் குமாஸ்தா. அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன்.

"நீ வெறுதே எந்துக்காக அதைத் தொட்டே?" என்று மனைவியைத்தான் கேட்டான்.

"என்னை உங்களுக்குத் தெரியாதான்னா?"

அவன் குனிந்துகொண்டான்.  காமாக்ஷி போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

மத்தியானம் வெங்கிடாசலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைவரை வந்தான். மாமியாரை நமஸ்கரிக்கக் காமாக்ஷி குனிந்தாள். சீதாலக்ஷ்மி சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள்.

"அவ போகப்பிடாதும்மா... என் கொம்பு எப்பவோ செத்துப் போச்சு."

பாக்கியலக்ஷ்மி திகைத்தாள். "என்னடி உளர்றே?"

"வேர் விட்டுதான்னு நான்தான் தினம் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். போன ரெண்டு தடவையும் அப்படித்தான்... அவ்வளவு பேடி, அவ்வளவு பயம் எனக்கு. இன்னிக்குக் காலம்பற இவ வேறே கொம்பு வைக்கறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன். சொன்னா என் கொம்பு போனது எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே... இவ போனா போகட்டும்னு நெனச்சுட்டேன். பாவி நான்."

 எவளுக்குத் தெரியக் கூடாது என்று காமாக்ஷி காலையிலிருந்து பழி சுமந்தாளோ, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! கோபம் வந்தது. ஆனால் அழுது குலுங்கும் அந்த நிறைவயிற்றைப் பார்த்ததும் கோபம் நிற்கவில்லை. மன்னியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"தினம் பிடுங்கினா எந்தக் கொம்பு பிழைக்கும் மன்னி? அது செத்ததுக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே. அழாதீங்கோ."

பாக்கியலக்ஷ்மி மகன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினாள்.  "உள்ளே வா காமாக்ஷி. நான் சொன்னதையெல்லாம் மறந்துடு."

காமாக்ஷி அசையவில்லை.

"மறந்துடறேம்மா. பக்ஷே ஒண்ணு கேக்கறேன். மன்னிக்கு நல்லபடியாத்தான் ஆகும். ஒருவேளை ஏதாவது ஆயிட்டா... நான் இங்கே இருந்தா, என்னைச் சொல்ல மாட்டேளா?"

  பாக்கியலக்ஷ்மியின் கண்ணில் நீர் பொங்கி வழிந்தது.

"சொல்லிடுவேண்டி" என்றாள் மெல்ல. "இப்போ இல்லேன்னு சொன்னாலும் அப்போ சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

காமாக்ஷியின் தலையில் கை வைத்தாள். பிறகு பெட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வா. குழந்தை பொறந்ததும் நானே பாலக்காட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிண்டு வரேன்."

காமாக்ஷி தலையசைத்துவிட்டு, கணவன் பின்தொடர, படகுத்துறையை நோக்கி நடந்தாள். இத்தனை வருஷத்தில் மாமியார் அவளிடம் மனதைத் திறந்து பேசியது அன்றுதான்.