மரங்கொத்தி பாராட்டுகிறது!

டிரிங்... டிரிங்...!

போன் அலறியது.

ஆமை நாற்காலியோடு துள்ளினான்.

பயத்தால் அல்ல. ஆச்சரியத்தால்! அந்த போன் அடித்தே ரொம்ப நாளாகிறது. அண்ணன் மட்டும்தான் எப்போதாவது கூப்பிடுவான். 'இன்னுமாடா அந்த ஓசி வேலையைக் கட்டிக்கிட்டு அழறே?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவான்.

இது அண்ணன் இல்லை.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து இன்ஸ்பெக்டர் பேசறேன்."

பெண் குரல். கறார்.

"சொ... சொல்லுங்க மேடம்."

"ஆடியோவைச் சுருக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு... இலவசமா இன்டர்நெட்ல கிடக்கே... அதைப் பார்த்துக்கறது நீங்கதானே?"

"நான்தான். ஏன் மேடம், எதாவது பிழையா?"

"பிழைக்கெல்லாம் போலீஸ் போன் பண்ணுமா? ஒரு அம்மா நாலாவது மாடி பால்கனியில இருந்து விழுந்து செத்துட்டாங்க. சாகறதுக்கு முன்னால பேசின மாதிரி ஒரு வாய்ஸ் மெசேஜ். ஃபைலைக் குடைஞ்சா உள்ளே உங்க சாஃப்ட்வேர் பேரு இருக்கு. உங்க வெப்சைட்ல நம்பரைப் பார்த்தா, நல்ல வேளை, இதே ஊரு. கிளம்பி வாங்க!"

லைன் கட்!

ஆமை சட்டையைத் தேடினான். துவைத்து, இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு நாளாக அவன் இப்படித்தான்... முகச்சவரம் என்ன, குளிக்கும்போது பாட்டு என்ன!

காரணம், மரங்கொத்தி.

'ஆமை' என்பது இணையம் அவனுக்கு வைத்த பெயர். புதிய பதிப்பு எப்போது வரும் என்று உலகம் கேட்டால், 'வரும்' என்பான். சாவகாசமாக வரும். உலகத்தில் பாதி போன்களுக்குள் அவனுடைய மென்பொருள் ஓடுகிறது. குரலை நசுக்கி அனுப்பி, மறுமுனையில் நசுங்காத மாதிரி விரித்துக் காட்டுவது அதன் வேலை. பேசுகிற யாருக்கும் அவனைத் தெரியாது. அவனோடு பேசவும் யாரும் கிடையாது.

மரங்கொத்தியைத் தவிர!

அதுவும் இணையப் பெயர்தான். மென்பொருளுக்காக அவன் எழுதும் ஒவ்வொரு வரியையும் படித்துக் கொத்துகிற ஒரே ஆள். ஆமை பார்த்ததில்லை, பேசியதில்லை. எழுத்திலேயே வருஷக்கணக்கான பழக்கம். பெரிய தாடி, பெரிய தொப்பை, பெரிய கோபம் என்று ஒரு மனிதரை அவனே கற்பனை செய்து வைத்திருந்தான். ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தால்கூட 'கண்ணை எங்கே வெச்சிருந்தீங்க?' என்று திருப்பி அனுப்புவார். ஒரு நாள்கூட 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை.

ஆனால் முந்தாநாள் மாலையிலிருந்து மரங்கொத்தி தேனாய்ப் பொழிகிறார்!

'உங்களை மாதிரி திறமைசாலியைப் பார்த்ததே இல்லை! என்னோட சின்னத் திருத்தம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். சேர்த்துடுங்களேன்.'

ஆமை உருகிப் போயிருந்தான். இன்று காலை அந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது.

* * *

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு பெஞ்ச்.

பெஞ்சில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன். நாற்பதை நெருங்குகிற வயது. கண்கள் சிவந்திருந்தன. ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் போன்.

"செத்துப் போனவங்களோட தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர், ஆமையை உள்ளே அழைத்துப் போனபடி. "வேற சொந்தம் கிடையாது. அந்த மெசேஜ் இவருக்குத்தான் வந்திருக்கு. பாடியைக் குடுங்க, எரிக்கணும்னு ரெண்டு நாளா உயிரை வாங்கறார். எனக்கு என்னமோ மனசு ஒப்பலை. உட்காருங்க. கேளுங்க."

ஆமை பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்து மாட்டினான். ஸ்டேஷன் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரை அவன் மதிக்கவில்லை.

ஃபைல் ஓடியது.

'...நான் போறேன்... யாரும் காரணம் இல்லை... கதவைச் சாத்திடுங்க...'

ஆமை ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மேடம்... இந்தக் குரல்..."

"தெரியுமா?"

"தினமும் கேட்கறேன்!"

இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார்.

"விளக்கமாச் சொல்லுங்க சார்."

"மென்பொருள்ல எதைத் தொட்டாலும், குரல் கெடலையேன்னு போட்டுக் கேட்டுப் பார்க்கணும் மேடம். அதுக்குன்னு சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு பண்ணி வெச்சிருப்போம். இந்தம்மா பேசினதுதான் அது! காலையில எழுந்ததும் இவங்க குரலைத்தான் கேட்பேன். சாப்பிடும்போதும் இதுதான் ஓடும். என் வீட்டுல கேக்கற ஒரே மனுஷக் குரல் மேடம் இது!"

குரல் கம்மியது. இன்ஸ்பெக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"யாருன்னு தெரியாமலேயா?"

"தெரியாது. மரங்கொத்திதான் அனுப்பினார். 'தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க பேசிக் குடுத்தாங்க'ன்னு சொன்னார்."

"பறவையா?"

"என் ஃப்ரெண்டு மேடம்."

"சரி. மெசேஜ் நிஜமா?"

"ஒட்டுப் போட்டது!" ஆமை இப்போது தடுமாறவில்லை. "ஒரு தடவை சுருக்கின குரலை வெட்டி எடுத்து மறுபடி சுருக்கினா தழும்பு விழும். இதுல ஒவ்வொரு துண்டுலயும் தழும்பு இருக்கு. 'யாரும் காரணம் இல்லை'ங்கறாங்களே... முழு வாக்கியம் என்ன தெரியுமா? 'இந்த இரைச்சலுக்கு யாரும் காரணம் இல்லை, மைக் பழசு'!"

"அடப்பாவி!"

"'நான் போறேன்' இருக்கே... 'கடைக்கு நான் போறேன், சீக்கிரம் வந்துடுவேன்'னு பேசினது. நடுவுல இருமிட்டாங்க. 'போறேன்' முடியற இடத்துல அந்த இருமலோட தொடக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு, கேளுங்க."

இன்ஸ்பெக்டர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். புருவம் உயர்ந்தது.

"அப்போ இது கொலை. அந்த வாக்கியமெல்லாம் யார்கிட்ட இருக்கும்?"

"இணையத்துலயே கிடக்கு. யார் வேணா எடுக்கலாம்."

"சுத்தம்!"

"ஆனா..."

ஆமை வாயை மூடிக்கொண்டான்.

"என்ன ஆனா?"

விஷயம் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. இருமல் விழுந்த பதிவை அவன் வெளியிடவே இல்லை. வேறு பேசி அனுப்பச் சொல்லிவிட்டான். அது இருப்பது இரண்டே இடங்களில். ஒன்று அவன் வீடு. இன்னொன்று...

சொன்னால் இருக்கிற ஒரே சிநேகிதமும் போய்விடும். 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாம். மரங்கொத்தியின் இனிப்பான வார்த்தைகள் காத்திருக்கும்.

ஆனால் ஹெட்போனுக்குள் அந்தக் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சன்னமாக. 'கதவைச் சாத்திடுங்க...'

"மேடம்... இருமல் பதிவு ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு."

"யார் யார்?"

"ஒண்ணு நான்."

"இன்னொண்ணு அந்தப் பறவையா?"

ஆமை தலையாட்டினான். கண் கலங்கிவிட்டது.

"ஆக சந்தேகத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தர் என் எதிர்ல உட்கார்ந்து அழறார். சரி, இன்னொருத்தரைக் கூப்பிடுங்க. ஆள் எங்கே இருக்கார்?"

"கேட்டதே இல்லை மேடம்."

"குடும்பம்?"

"கேட்டதில்லை."

"இத்தனை வருஷமா என்னதான்யா பேசினீங்க?"

"பிழைகளைப் பத்தி..."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "மெசேஜ் போடுங்க. எதையாவது சொல்லிப் பேச்சை வளர்த்துக்கிட்டே இருங்க. எங்கேர்ந்து பதில் வருதுன்னு எங்க ஆளுங்க தேடட்டும்."

ஆமை லேப்டாப்பைத் திறந்தான்.

'இருக்கீங்களா?'

அடுத்த நொடியே பதில்!

'உங்களுக்காக எப்பவும் இருக்கேன்! என் திருத்தத்தைச் சேர்த்தாச்சா?'

"பாசக்காரர்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பேச்சை வளர்க்க வேண்டும். எதை வைத்து வளர்ப்பது? ஆமைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நல்ல வரியை அனுப்பினால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும். மட்டமான வரி அனுப்பினால்? மரங்கொத்தி பக்கம் பக்கமாகத் திட்டுவார்!

மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு திருத்தம் எழுதினான். ஒலி அளவு மொத்தத்தையும் பூஜ்யத்தால் பெருக்கு என்று ஒரு வரி. யார் என்ன பேசினாலும் மறுமுனையில் சத்தமே வராது! போதாக்குறைக்கு இடைவெளிகளையும் கன்னாபின்னாவென்று போட்டான்.

அனுப்பினான். கண்ணை மூடிக்கொண்டான்.

வராந்தாவில் எங்கோ ஒரு போன் 'டிங்' என்றது.

பதில் வந்தது.

'அருமை! கலக்கிட்டீங்க! அப்படியே சேர்த்துடுங்க. கூடவே என்னோடதையும்!'

ஆமை திரையையே வெறித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார்? நல்லாத்தானே சொல்லியிருக்கார்?"

"அதான் மேடம்... இது மரங்கொத்தி இல்லை!"

"என்னது?"

"இந்த வரியைப் பார்த்திருந்தா, போனுக்குள்ள இருந்து கையை நீட்டி அறைஞ்சிருப்பார்! இதை எழுதறது வேற யாரோ. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத யாரோ!"

"அப்போ நிஜ மரங்கொத்தி எங்கே?"

ஆமை விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.

இருமல் பதிவு இரண்டு பேரிடம்தான். அதில் ஒருவரான மரங்கொத்தியைக் காணவில்லை. அந்த அம்மாவுடைய குரல்... 'தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க'...

"மேடம்... அந்தம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

"தம்பி சொன்னார். எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாலதானாம். வெளியில போக மாட்டாங்க, யார்கூடவும் பேச மாட்டாங்க, எதைக் கண்டாலும் குறை சொல்லு..."

இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தினார்.

தாடியும் தொப்பையும் இருந்த அந்த மனிதர் ஆமையின் மனசுக்குள் மெல்லக் கலைந்து போனார். இருமிக்கொண்டே ஒரு அம்மா மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

தினமும் திட்டியதும் அவர்தான். தினமும் காதுக்குள் பேசியதும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமலே இத்தனை வருஷம்!

"சார்," இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்தது. "இன்னொரு மெசேஜ் போடுங்க. இப்பவே."

ஆமை தட்டினான். 'உங்க திருத்தத்தைச் சேர்க்கப் போறேன்.'

டிங்!

வராந்தா பெஞ்சில்!

மடிப்புக் கலையாத சட்டைக்காரன் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கட்டை விரலாலும் அவசரமாய்த் தட்டிக்கொண்டிருந்தான். லேப்டாப்பில் பதில் குதித்தது.

'நீங்க தெய்வம்!'

"அந்த போனைக் கொஞ்சம் குடுங்க தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர், அவன் தலைக்கு மேலே நின்றபடி.

அவன் நிமிர்ந்தான். வெளிறினான். ஓடினான்!

வாசலைத் தாண்டவில்லை. டீ கிளாஸோடு உள்ளே வந்த ஏட்டு மேல் முட்டி, டீயும் அவனும் ஒன்றாகத் தரையில் சிந்தினார்கள்.

* * *

அரை மணி நேரத்தில் எல்லாம் கொட்டினான்.

"ஒரு சின்னத் திருத்தம் மேடம்! அதுக்குள்ள ஒரு ஓட்டை. அது மட்டும் சேர்ந்திருந்தா உலகத்துல பாதி போனை ஒட்டுக்கேட்கலாம். வாங்கறதுக்கு ஆளுங்க ரெடியா இருந்தாங்க. எழுதிக் குடுத்ததும் அவங்கதான். அக்கா பேர்ல போனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அவகிட்ட குடுத்தேன். தம்பி குடுத்தான்னு அப்படியே அனுப்ப வேண்டியதுதானே? வரி வரியாப் படிச்சா! ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டா! பால்கனியில நின்னு, இப்பவே அந்த ஆமைக்கு எழுதறேன்னு போனை எடுத்தா... தள்ளிட்டேன்!"

அப்புறம் அக்காவின் பழைய பதிவுகளை வெட்டி ஒட்டி மெசேஜ் செய்ததும், அவள் பெயரிலேயே ஆமைக்கு எழுத ஆரம்பித்ததும் அவன்தான்.

லாக்கப் கதவு சாத்தப்பட்டது.

ஆமை லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தான். பையைத் தோளில் மாட்டினான். போகாமல் நின்றான்.

"அவங்க வீடு எங்கே மேடம்?"

"உங்க ஏரியாவுக்கு அடுத்த ஏரியா. ஒரே பஸ்தான்."

ஆமை சுவரைப் பார்த்தான். ஒரே பஸ்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'எந்த ஊரு?' என்று கேட்டிருந்தால்...

"பாடியை வாங்கிக்க இனிமே ஆள் இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வாங்கிக்கறேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேப்பாங்களே?"

"தெரியலையே மேடம்... நான் அவங்களைக் கேட்டு வெச்சுக்கலை."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அவனைத் தொட்டு யாராவது பேசி எவ்வளவோ காலமாகிறது.

"மனசைத் தளர விடாதீங்க சார். நீங்க இல்லேன்னா இது தற்கொலைன்னு ஃபைலை மூடியிருப்போம். எப்பேர்ப்பட்ட வேலை செஞ்சிருக்கீங்க! உங்க அருமை ஒருத்தருக்குமா தெரியாம போயிடும்?"

ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டு லாக்கப் பக்கம் கை காட்டினான்.

"எங்கே மேடம்... இத்தனை வருஷத்துல என் வேலையைப் பாராட்டின ஒரே ஆளை, இப்பத்தானே உள்ள தள்ளிப் பூட்டினீங்க!"