பட்டறையிலிருந்து வந்த நாற்பத்தொரு சீட்டு

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் நேராகப் பெட்டியில் வந்து மோதினான்.

"கண்ணு தெரியலையா? பெட்டி விழுந்தா சீட்டெல்லாம் நனைஞ்சிரும்!" படகுத்துறை டிக்கெட் கவுண்டருக்குள்ளிருந்து சீறினாள் அவள்.

"காலையிலேர்ந்து வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்த கண்ணுங்க... எதைப் பாத்தாலும் மினுங்குது." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

சட்டை முழுக்கப் பொறி பட்ட பொத்தல். சிவந்த கண்கள்... ஆனாலும் சிரித்தன. பெட்டியில் ஒட்டியிருந்ததை வாய்விட்டுப் படித்தான். 'புதிய பயணிகள் படகுக்குப் பெயர் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு சீட்டு.' அவள் தோளருகே குத்தியிருந்த பெயர்ப்பட்டையை மட்டும் வாய்க்குள்ளேயே படித்தான்.

"மழை விட்டாச்சு," என்றாள்.

விடவில்லை.

அதன்பிறகு மூன்று வாரம், தினமும் தண்ணீர் குடிக்க வந்தான். படகு கட்டும் பட்டறையிலேயே குழாய் இருக்கிறது. அவளுக்கும் தெரியும்... கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்த அன்று சீட்டுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு சீட்டில் அவள் பெயர்! சீட்டின் பின்னால் போட்டவர் பெயர்... எல்லாம் பட்டறை ஆட்கள். அடுத்த பெயருக்கு வெறும் பன்னிரண்டு. பெட்டிச் சாவி இருப்பது அவளிடம். வேலையோ தற்காலிகம். அந்தப் படகை ஓட்டப்போவது அவள் அப்பா. அப்பனும் மகளும் சேர்ந்து பெட்டியை ரொப்பிட்டாங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஐந்து மணிக்கு மேனேஜர் எண்ண வருவார்.

நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"என் பேரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? வேலை போனா யாரு சோறு போடுவா?"

அவன் முகமூடியைக் கழற்றினான். பின்னால் கேட்ட சிரிப்பு நின்றது.

"நான் எழுதச் சொல்லலீங்க. யாருடா அந்தப் பொண்ணுன்னு கேட்டானுங்க... பேரை மட்டுந்தான் சொன்னேன்."

"அது பத்தாதா?"

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

நாலு மணிக்கு மறுபடி மழை. கவுண்டர் முன்னால் நீள வரிசை. நாற்பத்தொரு பேர், சொட்டச் சொட்ட.

"என் சீட்டைத் திருப்பிக் குடு தங்கச்சி," என்றார் முதலில் நின்ற மேஸ்திரி. "எண்ணுறதுக்கு முந்தி வாங்கிக்கலாம்னு நீங்க ஒட்டுன காயிதத்துலயே போட்டிருக்கு. பயல் எங்களை மெஷினை அணைக்க வச்சு இழுத்துட்டு வந்துட்டான். மத்தியானம் சோத்துல கைகூட வைக்கல. ரொம்பத் திட்டிட்டியோ?"

சீட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் ஈர விரலில் கைநாட்டு வைத்து, பக்கம் முழுக்க மையை அப்பிவைத்தார்கள்.

ஐந்து மணிக்கு மேனேஜர் எண்ணினார். பன்னிரண்டு சீட்டு வாங்கிய 'விடிவெள்ளி' ஜெயித்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே வந்திருந்த அப்பா பதிவேட்டைப் புரட்டினார், வாசலைப் பார்த்தார்.

"அந்தப் பயலுக்கு ஒரு துண்டு குடும்மா... நனைஞ்சிட்டு நிக்கிறான்." சொல்லிவிட்டு மேனேஜரோடு படகைப் பார்க்கப் போய்விட்டார்.

துண்டை நீட்டினாள். "உங்க சீட்டை வாங்கலையே?"

"போட்டாத்தானே வாங்க..."

"ஏன்? படகுக்கு வைக்கிற அளவுக்கு என் பேரு நல்லா இல்லையாக்கும்?"

"படகுக்கு வச்சா ஊரே கூப்பிடும்ங்க." துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு... நான் மட்டும் கூப்பிடணும்."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"மூணு வாரமா வர்றீங்க... ஒருதரம்கூடக் கூப்பிடலையே?"

துண்டை எடுத்துவிட்டு, முதல்முறையாக அவள் பெயரைச் சொன்னான். மெதுவாக.

"ம்..." என்றாள்.