ரொட்டியில் விடாத சொட்டு

அப்காசியா, கார்த்லி என்ற இரண்டு நாடுகளும் ஒரே மணிமுடிக்குக் கீழே வந்த மூன்றாம் வருடம். திராட்சை அறுவடை முடிந்த ஒரு நண்பகலில், குரா நதிக்கரைக் கோட்டைக்கு சூலா வந்து சேர்ந்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்கு அவன் தலைவன். மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். போன வருடம் இதே சத்தியத்துக்கு வந்த அண்ணன் மிரியன் திரும்பவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று கடிதம்தான் வந்தது, உடல் வரவில்லை.

சூலா அந்தக் கடிதத்தை ஒரு நாளும் நம்பியதில்லை. அண்ணனுக்கு என்ன ஆனதென்று தெரிய வேண்டும், தெரிந்த பிறகு உயிரோடு வீடு போக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் வழியெல்லாம் அவனைக் குடைந்தது.

கோட்டைத் தளபதி ஸ்வியாத் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டான். வாய் கொள்ளாத சிரிப்பு. புது மாப்பிள்ளைக்குக்கூட இப்படி உபசாரம் நடக்காது. சாப்பாட்டுக் கூடத்தில் சன்னலெல்லாம் திறந்திருந்தும் ஈரமண் வாசனை அடித்தது. ஸ்வியாத் குடித்த ஜாடியிலிருந்துதான் சூலா குடித்தான், அவன் தொட்ட கறியைத்தான் தொட்டான்.

ஸ்வியாத் கோப்பையைத் தூக்கி மன்னரை வாழ்த்தினான். ஒன்றான தேசத்தை வாழ்த்தினான். பிறகு மிரியன் பெயரைச் சொல்லி ஒரே மடக்கில் குடித்தான்.

ரொட்டியில் ஒரு சொட்டுகூட விடவில்லை.

சூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தவர் பெயரில் குடிப்பதென்றால் முதலில் ரொட்டியில் நாலு சொட்டு மது விட வேண்டும். முட்டக் குடித்தவன்கூட மறக்காத வழக்கம் அது. விடாமல் குடித்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

"என் அண்ணன் இங்கதான் இருக்கானா?"

"செத்துட்டான் தம்பி. நான்தான் புதைச்சேன்," என்றான் ஸ்வியாத்.

"அப்ப ரொட்டியில ஏன் விடல?"

சுற்றியிருந்த வீரர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் மெல்லவில்லை.

"இந்த வீட்டுல விடறதில்ல." ஸ்வியாத்தின் குரல் இறங்கியது. "விட்டா வந்துடறான்."

சூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருப்பவனை ஒளித்து வைத்துக்கொண்டு கூசாமல் பேய்க்கதை சொல்கிறான் என்றே நினைத்தான். கோப்பையை ரொட்டியின் மேல் சாய்த்தான்.

"வேணாம் தம்பி," என்றான் ஸ்வியாத். ஆனால் கை நீட்டித் தடுக்கவில்லை.

"மிரியண்ணா, வா. எங்கூட சாப்பிடு."

மது ரொட்டிக்குள் இறங்கியது.

ஈரமண் வாசனை பக்கத்தில் வந்தது.

சூலா உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலி ஓரம் முனகியது.

ரொட்டியில் ஒரு கடி விழுந்தது. உடனே இன்னொன்று. கடித்த தடத்தின் நடுவே ஒரு பல் இல்லை. சின்ன வயதில் குதிரை உதைத்து மிரியனுக்குப் போன முன்பல் அது.

சூலாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது, பயம் அப்புறம்தான் வந்தது.

"நிலவறையில பூட்டி வச்சேன்," என்றான் ஸ்வியாத், ரொட்டியைப் பார்த்தபடியே. "சாப்பாட்ட நிறுத்தினா ரெண்டு நாள்ல சத்தியம் பண்ணுவான்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் பண்ணல. மன்னருக்கு இது தெரியாது."

சூலாவின் கை கத்திக்குப் போனது. இருபது வீரர்கள் எழுந்து நின்றார்கள். ஸ்வியாத் அவர்களை உட்காரச் சொன்னான். சத்தியம் செய்துவிட்டதாகத் தானே எழுதிக்கொள்வதாகவும், சூலா இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னான். வழிக்கு ரொட்டியும் வால்நட்டும் அவன் கையாலேயே பையில் கட்டிக் கொடுத்தான்.

கொலையை ஒப்புக்கொண்டவன் சாட்சியை ஏன் விடுகிறான்? முதல் ஏற்றத்தில், இரண்டு ஆள் சுமப்பதுபோல் குதிரைக்கு மூச்சு வாங்கியபோதுதான் சூலாவுக்கு விளங்கியது. அந்தக் கோட்டையில் யாரும் மிரியனை 'வா' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டவனோடுதான் அவன் கிளம்பிப் போவான். கூடப் பிறந்தவன் வாயால் கூப்பிட வைக்கத்தான் ஸ்வியாத் ரொட்டியில் சொட்டு விடாமல் குடித்திருக்கிறான்.

"அண்ணா?"

முதுகுக்குப் பின்னால், காதோரம், மெல்லும் சத்தம் கேட்டது. சூலா திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு இன்னும் இரண்டு நாள் வழி இருந்தது. மேட்டைத் தாண்டுவதற்குள் பை காலியாகிவிட்டது.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை.