மூச்சுச் சீர்

ரெமிஜியுஸின் மூளையிலிருந்து முக்குளிப்புத் திறனைக் கழற்ற எட்டு நிமிடம் ஆகும் என்று நிறுவி இயந்திரத்தின் திரை காட்டியது. அவன் மனைவி ஜெசிந்தா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

தூத்துக்குடியில் இப்போது யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வெல்டிங் வேண்டுமென்றால் வெல்டிங் தொகுப்பு, ஜப்பானியம் வேண்டுமென்றால் ஜப்பானியத் தொகுப்பு. காதோரம் பதித்த வில்லை வழியாக நிறுவி அதை இறக்கிவிடும். அது இயங்கத் தேவையான துணைத்தொகுப்புகளையும் தானே தேடிச் சேர்த்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அதே நிறுவி எடுத்துவிடும்.

ரெமிஜியுஸ் ஒன்பது வருடம் கடலடியில் கம்பிவடம் பழுதுபார்த்தவன். வேலையை விட்ட பிறகும் தொகுப்பு அவனை விடவில்லை. போன வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே நான்கு நிமிடம் மூச்சடக்கிவிட்டான். ஜெசிந்தா எவ்வளவு உலுக்கியும் மசியவில்லை. உதடு நீலம் பூத்துவிட்டது.

அந்தத் தொகுப்பு நிலையத்தை நடத்தும் கோமதிநாயகம் திரையைத் திருப்பிக் காட்டினார். "முக்குளிப்போட வந்த துணைத்தொகுப்பு அறுபத்தொண்ணு இருக்கு. வேற எதுவும் அதைப் பயன்படுத்தலைன்னு நிறுவி சொல்லுது. சேத்தே எடுத்துரவா?"

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருங்க அண்ணாச்சி," என்றான் ரெமிஜியுஸ். பட்டியலை அவன் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை.

ஆறாவது நிமிடத்தில் அவன் நெஞ்சு அசையாமல் நின்றது. கண் திறந்துதான் இருந்தது. என்ன நடக்கிறதென்று புரியாமல் விழித்தான்.

"ஏங்க, மூச்சு விடுங்க!"

சொன்னதும் இழுத்தான், விட்டான். பிறகு மறுபடி நின்றுவிட்டது.

கோமதிநாயகம் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. "மூச்சுச் சீர்னு ஒண்ணு இருந்திருக்கு. முக்குளிப்பை இறக்கும்போது இவரு பிறவி மூச்சுக்கு மேலயே கம்பெனிக்காரன் அதை எழுதிருக்கான். பழசு அழிஞ்சு போச்சு தங்கச்சி. இப்ப புதுசும் போயிட்டு."

"அப்ப அதையே திருப்பிப் போடுங்க!"

"அந்தப் பதிப்பைக் கம்பெனிக்காரன் தொகுப்புக் களஞ்சியத்துல இருந்து தூக்கி ரெண்டு வருசமாச்சே."

ஜெசிந்தா கணவனின் நெஞ்சில் கையை வைத்தாள். "இழுங்க… விடுங்க… இழுங்க…" அவன் சொன்னபடி செய்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒவ்வொரு மூச்சையும் அவனே நினைத்து விட வேண்டியிருந்தது.

"தூங்கிட்டேன்னா…" என்று ஆரம்பித்தவன், பேச்சுக் கவனத்தில் இழுக்க மறந்து திணறினான்.

"பேசாதீங்க! அண்ணாச்சி, என் மூச்சை எடுத்து இவருக்குப் போட முடியாதா?"

"தொகுப்பா இருந்தாத்தான் நகலெடுக்க முடியும். உங்களுது பிறவி மூச்சு." சொல்லும்போதே அவர் கை, அவரை அறியாமல் தன் காதோர வில்லையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்துத் தயங்கினார். "புதுப் பதிப்பு ஒண்ணு இருக்கு. ஆனா மூச்சுச் சீரைத் தனியாத் தரமாட்டான். முழு முக்குளிப்பும் சேந்துதான் வரும். பழசு நாலு நிமிசம் அடக்கிச்சு. இது பதினொரு நிமிசம் அடக்கும். நாடியையும் அமுக்கிரும்."

ரெமிஜியுஸ் மனைவியின் கையை இறுகப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தான். அந்த அசைப்பில் இன்னொரு மூச்சு தவறியது. அவன் முகம் கறுத்தது.

"போடுங்க," என்றாள் ஜெசிந்தா.

புதுத் தொகுப்பு இறங்கி முடிந்தது. யாரும் சொல்லாமலே அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. களைப்பில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது அவன் நெஞ்சு அசையவில்லை. கூப்பிட்டாள். உலுக்கினாள். நாடி கைக்கு அகப்படவில்லை.

"தொகுப்பு அடக்கிருக்கா? இல்ல…" அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

கோமதிநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு நிமிசம் ஆனாத்தான் தெரியும் தங்கச்சி."