லிஸ்பனில் மாட்டிக்கொண்ட பீரோ

எங்கள் லிஸ்பன் நகரத்தைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆளே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஜசிந்தா வந்து அந்த நினைப்பைக் கெடுத்தாள்.

ஜசிந்தா என் சித்தி மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். நடுக்கடலில் இருக்கும் சாவோ ஜோர்ஜ் தீவுதான் அவள் ஊர். அங்கே மனிதர்களைவிட மாடுகள் அதிகம். பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் மாடு ஓட்டப் போவாள். லிஸ்பனுக்கு வருவதற்கு முன்னால் அவள் தீவைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

சித்திக்கு இங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் மாடியிலேயே எதிர்வீடு காலியாக இருந்தது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் சித்தி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஜசிந்தாவுக்குப் பிடிச்சாத்தான் வருவோம். பிடிக்காத ஊருக்குப் பிள்ளையை இழுத்துட்டு வர எனக்கு மனசு வராது."

சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போக விமானம். ஆக, ஜசிந்தாவுக்கு ஊரைப் பிடிக்க வைக்க என் கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாரும் இல்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுச் சுவரோடுதான் பந்து விளையாடுகிறேன். அந்தச் சுவர் இதுவரை ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. எதிர்வீட்டுக்கு ஜசிந்தா வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் அம்மா டிராம் ஓட்டுகிறார். அதனால் எல்லா டிராம் ஓட்டுநர்களுக்கும் என்னைத் தெரியும். நான் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று வீட்டுக்குத் தானாகத் தகவல் போய்விடும். அந்தத் தைரியத்தில்தான் அம்மா எங்கள் இருவரையும் தனியாக அனுப்பினார்.

முதலில் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கரையே மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகலமான ஆறு. மேலே செக்கச் சிவந்த பெரிய பாலம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு," என்றாள். பிறகு மரியாதையாக, "எங்க வீட்டுக்குப் பின்னாடி கடல் இருக்கு," என்றாள்.

அடுத்து இரும்புக் கோபுர லிஃப்ட். வரிசை வால் மாதிரி நீண்டிருந்தது. மேலே போனால் என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். நாம் நின்ற வரிசை தெரியும் என்றேன். அப்படியென்றால் இங்கிருந்தே பார்த்துவிட்டோமே என்றாள்.

கோட்டையில் மயில் தோகை விரித்தது. அங்கிருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாரும் படம் பிடித்தார்கள். இவள் அந்த மயில் எங்கே முட்டையிடும் என்று விசாரித்தாள். பட்டைத் தூள் தூவிய சூடான பாஸ்தேல், எங்கள் ஊரின் பேர்போன முட்டைப் பலகாரம், வாங்கிக் கொடுத்தேன். இதைத் தின்றவர்கள் ருசியில் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஜசிந்தா கண்ணைத் திறந்தபடியே தின்று முடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றாள்.

அந்த "நல்லா இருக்கு" என்னைப் போட்டு வாட்டியது. நன்றாக இல்லை என்றாலாவது சண்டை போட்டிருப்பேன்.

கடைசியாக மேட்டுக்குப் போகலாம் என்றேன். சாயங்காலம் அங்கிருந்து பார்த்தால் ஊரே தங்கமாக மின்னும். மஞ்சள் டிராமில் ஏறினோம். ஓட்டியது இல்டா அத்தை, என் அம்மாவின் தோழி. வண்டிக்குள் நல்ல கூட்டம். அன்றைக்குச் சிவப்பு அணிக்கும் பச்சை அணிக்கும் பந்தாட்டப் போட்டி வேறு. சிவப்புத் துண்டு போட்ட ஒருவரும் பச்சைத் துண்டு போட்ட ஒருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

டிராம் நெளிந்து நெளிந்து மேடேறியது. நான் ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டிப் பெருமை பேசிக்கொண்டே வந்தேன். ஜசிந்தா பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணா, இங்க யாருக்கும் யாரையும் தெரியாதா?"

"இவ்வளவு பெரிய ஊர்ல எப்படித் தெரியும்?"

"காலைல எதிர்ல வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். ஒருத்தர்கூடத் திருப்பிச் சொல்லல." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள். "எங்க ஊர்ல ஒருத்தர் வணக்கம் சொல்லாமப் போனா, அவங்க வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு அம்மா சூப் எடுத்துட்டுப் போவாங்க. இங்க எனக்கு உடம்பு சரியில்லாமப் போனா யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு ஊர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது டிராமும் நின்றது.

தண்டவாளத்தின் மேல் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

எங்கள் ஊரில் இது வாடிக்கை. சந்து குறுகல், கார் நிறுத்த இடம் கிடையாது. எவராவது சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். டிராம் மணியடிக்கும், பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடிக்கும். யாரும் வராவிட்டால் பயணிகளே இறங்கி, காரைக் குலுக்கிக் குலுக்கித் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

அன்றைக்கும் இறங்கினார்கள். சிவப்புத் துண்டும் பச்சைத் துண்டும்கூட ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். ஆனால் இது கார் இல்லை, பெரிய வேன். லேசாக ஆடியதே தவிர நகரவில்லை. எல்லாருக்கும் கோபம் வந்துவிட்டது. எங்கேயாவது ஹாயாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான் என்று வேன்காரரை ஆள் தெரியாமலே திட்டித் தீர்த்தார்கள்.

ஜசிந்தா மட்டும் திட்டவில்லை. வேனின் பின்கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு போர்வையும் கொஞ்சம் கயிறும் இரண்டு மர இழுப்பறைகளும் கிடந்தன.

"அண்ணா, இது பீரோவோட இழுப்பறை. அப்ப பீரோ எங்க?"

நானும் எட்டிப் பார்த்தேன்.

"இவ்வளவு கனமான சாமானைத் தூக்கிட்டு ரொம்ப தூரம் போயிருக்க முடியாது," என்றாள். "வா, தேடுவோம்."

இரண்டு பேரும் வீடு வீடாகப் பார்த்தோம். ஒரு வீட்டின் தெருக்கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் வைத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் மாடிப்படியிலிருந்து முனகல் சத்தம் கேட்டது.

படி திரும்பும் மூலையில் ஒரு பெரிய மர பீரோ, மேலேயும் போகாமல் பக்கவாட்டிலும் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலை மட்டும்தான் தெரிந்தது. ஒருவர் மீசைக்காரர். இன்னொருவர் இளம்பெண்.

"தம்பி, வெளியில மணியடிக்கிறது என் வேனுக்குத்தானே?" என்று மீசைக்காரர் கெஞ்சும் குரலில் கேட்டார். "கத்திக் கத்திப் பார்த்துட்டேன், ஹாரன் சத்தத்துல யாருக்கும் கேக்கல. சாவி பையிலதான் இருக்கு. கையை எடுத்தா பீரோ உருண்டுடும்."

ஜசிந்தாவைப் படியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் வெளியே ஓடினேன். டிராமின் படியில் ஏறி நின்று, வேன்காரர் காபி குடிக்கவில்லை, பீரோவைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார் என்று உரக்கச் சொன்னேன். திட்டிய வாயெல்லாம் கப்பென்று மூடிக்கொண்டது. அடுத்த நிமிடம் பாதி டிராம் அந்த வீட்டுக்குள் இருந்தது.

சிவப்பும் பச்சையும் கீழிருந்து தோள் கொடுத்துப் பீரோவைத் தாங்கினார்கள். மீசைக்காரர் ஒரு கையை விடுவித்துச் சாவியைப் பீரோவுக்கு மேலாக வீசினார். இல்டா அத்தை தானே வேனை ஓட்டிப் போய் ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, டிராமில் ஏறி மணியடித்தார். இப்போது டிராம் தயார், ஆட்கள்தான் தயாராக இல்லை. தோளை எடுத்தால் பீரோ கீழே வந்துவிடும்.

எல்லாரும் சேர்ந்து மேலே இழுத்தார்கள், தள்ளினார்கள். சுவரில் காரை உதிர்ந்தது. பீரோ இன்னும் இறுகியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் ரம்பம் கேட்டார். அதைக் கேட்டு மேலே இருந்த பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்படி இழுக்கக் கூடாது," என்று ஜசிந்தா சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் யாரும் திரும்பவில்லை.

காலையிலிருந்து நானும் அப்படித்தானே இருந்தேன்? நானே காட்டினேன், நானே பேசினேன். அவளை ஒரு வார்த்தை பேச விடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வேனிலிருந்து இழுப்பறை ஒன்றை எடுத்து வந்து அதன் அடியில் டமடமவென்று தட்டினேன்.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. இவ சொல்றதைக் கேளுங்க."

"இவ என்ன என்ஜினியரா?" என்றார் பச்சைத் துண்டு.

"இல்ல. மாடு ஓட்டறவ. சாவோ ஜோர்ஜ்லேர்ந்து வந்திருக்கா. பேரு ஜசிந்தா."

சிலர் சிரித்தார்கள். ஆனால் இடம் கொடுத்தார்கள். ஜசிந்தா முகம் சிவக்க முன்னால் வந்தாள்.

"பசு சந்துல மாட்டிக்கிட்டா இழுக்கவே கூடாது. இழுத்தா இன்னும் இறுகும். முதல்ல கொஞ்சம் பின்னாடி விடணும். அப்புறம் தலையைத் தூக்கித் திருப்பணும். தலை திரும்பிட்டா உடம்பு தானா வரும்."

"பீரோவுக்குத் தலை எதும்மா?" என்று சிவப்புத் துண்டு கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மேல இருக்கிற பக்கம்தான்."

மேலே கயிற்றை மெல்லத் தளர்த்தினார்கள். கீழே இருந்தவர்கள் தாங்கியபடியே இரண்டு படி பின்வாங்கினார்கள். ஜசிந்தா தெருக்கதவருகே நின்றுகொண்டு, தன் பசுவிடம் பேசுவதுபோல, "ஹோ, ஹோ, மெதுவா. பயப்படாதே, போனேக்கா," என்றாள். போனேக்கா அவளுடைய பசு. பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

மாடிப்படி முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு எல்லாருமே பீரோவைப் போனேக்கா என்றே கூப்பிட்டார்கள். "வாடி போனேக்கா," என்றார் சிவப்பு. "தலையைத் தூக்கிக்கோ, கண்ணு," என்றார் பச்சை. பீரோவின் மேல்பக்கம் நிமிர்ந்தது, திரும்பியது. ஒரு உரசல் சத்தம். அவ்வளவுதான், மூலையைத் தாண்டிவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். பீரோவைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடிவரை ஊர்வலம் போனது. இல்டா அத்தை விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கும்போது ஒவ்வொருவரும் ஜசிந்தாவின் தலையைத் தடவி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போனேக்கா எவ்வளவு பால் கறக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அந்த இளம்பெண்ணின் பெயர் மரீசா. வீட்டில் பீரோவைத் தவிர வேறு சாமான் எதுவும் இல்லை. ஒரு பை செர்ரிப் பழம் மட்டும் இருந்தது. அதை எங்களுக்குக் கொடுத்தார்.

"நானும் நேத்துதான் இந்த ஊருக்கு வந்தேன்," என்றார். "இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"இப்பதான் ஒரு டிராமே தெரியுமே," என்றாள் ஜசிந்தா.

மரீசா சிரித்துவிட்டார். "உன்னையும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்றியா? துணி அடுக்கணும், பேசிக்கிட்டே செய்யலாம்."

நான் செர்ரிப் பழத்தை வாயில் வைத்தபடி மெல்லாமல் நின்றேன். ஜசிந்தா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"அடுத்த ஞாயிறு முடியாது. நாளைக்கு ஊருக்குப் போறோம். சாமானெல்லாம் கட்டணும், பள்ளிக்கூடத்துல சொல்லணும், போனேக்காவை மாமாகிட்ட விடணும். வீடு மாறி வர ரெண்டு வாரமாவது ஆகும்," என்றாள். "அதுவரைக்கும் இந்த பீரோவை நகர்த்திடாதீங்க."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பீரோவில் அத்தனை தூசி இருந்ததால், இருவருமே நம்பிவிட்டார்கள்.